முடிந்தது என்று சொல்ல 24 பைட்

கப்பலுக்கு முன்னால் அதன் தாள் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். துறைமுகத்தில் வேலை பார்க்கிற எவருக்கும் இது தெரியும். தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் ஏறும் பெட்டிகள் பல, ஃபீடர் கப்பலில் கொழும்புக்குப் போய் அங்கே பெரிய கப்பலுக்கு மாறுகின்றன. கடலில் ஏறத்தாழ ஓர் இரவு ஓட்டம். அந்த இரவு முடிவதற்குள் கப்பலின் பே பிளான் கொழும்பு முனையத்தின் கணினியில் இருக்க வேண்டும். எந்தப் பெட்டி எந்த வரிசையில் எந்த அடுக்கில் இருக்கிறது, எத்தனை டன், இறால் ஏற்றிய குளிர்ப்பெட்டியா, தீப்பிடிக்கும் சரக்கா, எல்லாம் அதில் இருக்கும். ஏற்றிய இடம் ஐ.என்.டி.யூ.டி., இறக்கும் இடம் எல்.கே.சி.எம்.பி. என்று துறைமுகக் குறியீடுகளும் இருக்கும். அதைப் பார்த்துத்தான் கிரேனை எங்கே நிறுத்துவது என்று அங்கே முடிவு செய்கிறார்கள்.

பீச் ரோட்டுப் பக்கத்துக் கப்பல் ஏஜென்சி ஒன்றிலிருந்து அந்தக் கோப்பு டி.எல்.எஸ். எனும் மறையாக்கம் பூட்டிய இணைப்பு வழியே கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். கோப்பின் கடைசி எழுத்தும் போன பிறகு, அதே இணைப்பில், அதே பூட்டுக்குள், இன்னொரு துணுக்கு போக வேண்டும். பெயர் குளோஸ் நோட்டிஃபை. "நான் சொல்ல வேண்டியது இத்தோடு முடிந்தது" என்பது மட்டுமே அதன் பொருள். அதைப் பற்றி இணையத்தில் உலவும் கோடிக்கணக்கானோர் கேள்விப்பட்டதில்லை. நிரல் எழுதுகிறவர்களிலேயே பலர் அதை அனுப்ப மறக்கிறார்கள், வராவிட்டாலும் கவனிப்பதில்லை. அது வந்த வழியைச் சொன்னால் அதன் அருமை புரியும் என்று நம்புகிறேன்.

உள்ளே இருப்பது இரண்டே பைட்: 1, 0. முதல் எண் இது எச்சரிக்கை நிலைச் செய்தி என்கிறது. இரண்டாவது எண், எச்சரிக்கைகளின் பட்டியலில் பூஜ்யமாவது. இன்று புழங்கும் டி.எல்.எஸ். 1.3இல் இதனுடன் வகையைக் குறிக்கும் ஒரு பைட் சேரும். மறையாக்கிய பின் அதன் உண்மைத்தன்மையைக் காட்டும் 16 பைட் முத்திரை சேரும். முன்னால் 5 பைட் தலைப்பு. ஆக 24. அதன்மேல் டி.சி.பி. உறை குறைந்தது 20 பைட், ஐ.பி. உறை இன்னொரு 20. உள்ளடக்கத்தைவிட உறை பெரிது.

இந்தத் துணுக்கு போகும் தூத்துக்குடி–கொழும்பு வழி பழையதுதான். பாம்பன் பாலம் 1914இல் வருவதற்கு முன் சென்னையிலிருந்து கொழும்புக்குப் போகிறவர்கள் தூத்துக்குடி வரை ரயிலில் வந்து இங்கே கப்பல் ஏறினார்கள். வ.உ.சிதம்பரனார் 1906இல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கியதும் இதே தடத்தில் ஓட்டத்தான். நூறு ஆண்டு கழித்து, 2006இல், பி.எஸ்.என்.எல்.லும் ஸ்ரீலங்கா டெலிகாமும் சேர்ந்து தூத்துக்குடியையும் கொழும்பை ஒட்டிய மவுண்ட் லவீனியாவையும் இணைக்கும் பாரத் லங்கா கடலடிக் கேபிளைத் தொடங்கின. நீளம் சுமார் 325 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். அந்தத் தூரத்துக்கு இரண்டு மில்லி வினாடிகூட ஆகாது. ஒரு பாக்கெட் எந்த வழியாகப் போகிறது என்பதை அனுப்புகிறவர் தீர்மானிப்பதில்லை, ரவுட்டர்கள் தீர்மானிக்கின்றன. அதனால்தான் வழியில் இருக்கும் யாரையும் நம்பாமல் பேசும் முறை தேவைப்பட்டது.

பின்னாளில் டி.எல்.எஸ். ஆன அந்த முறையின், வெளியுலகுக்கு வந்த முதல் பதிப்பில் இந்தத் துணுக்கு இல்லை. நெட்ஸ்கேப் நிறுவனம் 1995இல் வெளியிட்ட எஸ்.எஸ்.எல். 2இல், இணைப்பு முடிந்ததா என்பதை டி.சி.பி.யைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். டி.சி.பி.யில் ஒரு பக்கம் பேசி முடித்ததும் ஃபின் என்ற கொடி ஏறிய பாக்கெட் போகும். அந்தக் கொடிக்குப் பூட்டும் இல்லை, முத்திரையும் இல்லை. நடுவில் உட்கார்ந்திருக்கும் ஒருவரால் பேச்சைப் படிக்க முடியாது, ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது; ஆனால் பாதியில் ஒரு ஃபின் பாக்கெட்டைப் போலியாகச் செருகி, மீதியைத் தடுத்துவிட முடியும். வாங்குகிற பக்கம் அனுப்பியவரே முடித்துக்கொண்டதாக நம்பிவிடும். இதற்கு வெட்டுத் தாக்குதல் என்று பெயர்.

டி.எல்.எஸ். தரவை ரெக்கார்டு எனும் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் வைத்து, அந்த எண்ணையும் முத்திரைக் கணக்கில் சேர்க்கிறது. ஒரு ரெக்கார்டில் அதிகபட்சம் 16,384 பைட் கொள்ளும். 7ஆவதை எடுத்துவிட்டு 8ஆவதைக் கொடுத்தால் முத்திரை பொருந்தாது, குட்டு வெளிப்பட்டுவிடும். ஆனால் 7ஆவதோடு நிறுத்திவிட்டால்? அதுவரை வந்ததெல்லாம் சரியான முத்திரையோடு வந்தவை. 8ஆவது இருந்தது என்பதே வாங்குகிறவருக்குத் தெரியாது. நடுவில் விழும் ஓட்டையை எண் காட்டிக்கொடுக்கும், வாலை வெட்டினால் காட்டாது. வால் வரை வந்துவிட்டது என்பதற்கு அனுப்பியவரே கடைசி எண்ணில் முத்திரையிட்டு ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும்.

மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களில் குளித்தவர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. தூத்துக்குடியில் கடைசியாக 1955 முதல் 1961 வரை நடந்த சலாபங்கள் எனும் முத்துக் குளிப்புகள் வரைக்கும் முறை ஒன்றுதான்: கல்லைப் பிடித்துக்கொண்டு ஒருவர் பல பாகம் ஆழத்துக்கு இறங்குவார், படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கீழே இருப்பவர் கயிற்றைச் சுண்டினால் தூக்க வேண்டும். அந்தச் சுண்டல் கீழே இருப்பவர் தானே அனுப்பும் சேதி. கயிறு அசையாமல் இருப்பதோ, தளர்ந்து போவதோ அப்படி ஒரு சேதி ஆகாது. "வேலை முடிந்தது" என்று எடுத்துக்கொண்டு மேலே நிற்பவர் சும்மா இருந்தால் கீழே ஓர் உயிர் போய்விடும். டி.சி.பி.யின் ஃபின் கயிற்றின் தளர்ச்சி. குளோஸ் நோட்டிஃபைதான் சுண்டல்.

அந்தச் சுண்டல் 1996இல் எஸ்.எஸ்.எல். 3 உடன் வந்தது. ஆலன் ஃப்ரையர், ஃபில் கார்ல்டன், பால் கோச்சர் ஆகியோர் எழுதிய வரையறை அது. 1999 ஜனவரியில் டி.எல்.எஸ். 1.0 ஆக மாறியபோது சட்டம் கடுமையாகவே இருந்தது. ஒரு பக்கம் முடிப்பு அறிவிப்பை அனுப்பினால் மறுபக்கமும் தன்னுடையதை அனுப்ப வேண்டும். அறிவிப்பு இல்லாமல் இணைப்பு அறுந்தால், அந்த அமர்வின் சாவிகளை மறுபடி பயன்படுத்தக் கூடாது. அடுத்த முறை கைகுலுக்கல் எனும் முழுச் சடங்கையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். முறை தவறினால் நேரம் இழப்பு என்ற தண்டனை.

யாரும் பணியவில்லை. அறிவிப்பு அனுப்பாமலே சாக்கெட்டை, அதாவது இணைப்பின் தம் பக்க முனையை, மூடும் நிரல்கள் பெருகின. 2006 ஏப்ரலில் வந்த டி.எல்.எஸ். 1.1 அந்தத் தண்டனையை எடுத்துவிட்டது. நடைமுறை ஏற்கெனவே அப்படித்தான் இருக்கிறது என்பதே அதில் சொல்லப்பட்ட காரணம். எனக்கு இது அந்தத் துணுக்கின் வாழ்க்கையில் மிகத் துக்கமான இடம். நடைமுறைக்காக விட்டுக்கொடுத்ததைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் அனுப்பாதவருக்கு இழப்பு எதுவும் இல்லை என்று ஆனதும், அனுப்ப வேண்டும் என்ற விதி தாளில் மட்டும் மிஞ்சியது.

வலை உலாவிகள் இந்த அலட்சியத்தைத் தாங்கிக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. எச்.டி.டி.பி.யில் "இந்தப் பதில் இத்தனை பைட்" என்று நீளம் முன்கூட்டியே சொல்லப்படும், அல்லது துண்டு துண்டாக வந்து கடைசியில் பூஜ்ய நீளத் துண்டு வரும். பேச்சுக்குள்ளேயே முடிவு இருக்கிறது. இருந்தும் ஓட்டைகள் இருந்தன. பென் ஸ்மித், அல்ஃப்ரெடோ பிரொண்டி இருவரும் 2013இல் காட்டியது இது: பொதுக் கணினியில் ஒருவர் மின்னஞ்சலிலிருந்து வெளியேறும் பொத்தானை அழுத்துகிறார், அந்த வேண்டுகோளை மட்டும் நடுவில் இருப்பவர் வெட்டிவிடுகிறார், திரையில் வெளியேறிவிட்டதாகத் தெரிகிறது, சர்வரில் அவர் இன்னும் உள்ளேதான் இருக்கிறார். ஹாட்மெயில், ஜிமெயில் இரண்டிலும் இதன் வகைகளைச் செய்து காட்டினார்கள். அடுத்த ஆண்டு கார்த்திகேயன் பார்கவனும் அவருடைய சகாக்களும் வேறொன்றைக் காட்டினார்கள். பதிலின் தலைப்பு வரியைப் பாதியில் வெட்டினால், குக்கியின் பின்னால் இருக்கும் "பாதுகாப்பான இணைப்பில் மட்டும் அனுப்பு" என்ற குறிப்பு காணாமல் போகும். சில உலாவிகள் அந்த அரைகுறை வரியையும் ஏற்றுக்கொண்டன.

பே பிளானுக்கும் தன் சொந்த முடிவு இருக்கிறது. பாப்லி என்ற எடிஃபாக்ட் வடிவத்தில் எழுதப்படும் அதன் வால் பகுதியில் யு.என்.டி. என்ற வரி, மொத்தம் எத்தனை வரி என்று எண்ணிச் சொல்லும், யு.என்.இசட். என்ற வரி மொத்தப் பொதியை மூடும். சுங்கத்துறையின் ஐஸ்கேட் வாயிலுக்குப் போகும் கோப்புகள் பல எச்.ரெக். என்று தொடங்கி டி.ரெக். என்று முடிகின்றன. வாங்கும் நிரல் இந்த வாலைச் சரிபார்த்தால் வெட்டு தெரிந்துவிடும். இவற்றை வடிவமைத்தவர்கள் முடிவின் அருமை தெரிந்தவர்கள்.

ஆனால் எல்லாக் கோப்புக்கும் வால் இல்லை. 2016 ஜூலை 1 முதல், கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான உடன்படிக்கையான சோலாஸின் விதிப்படி, எடை சரிபார்த்த சான்று இல்லாத பெட்டியைக் கப்பலில் ஏற்றக் கூடாது. அந்த எடைப் பட்டியலை ஒருவர் எக்செலிலிருந்து சி.எஸ்.வி. கோப்பாக எடுத்து அனுப்புகிறார் என்று வையுங்கள். வரிக்கு ஒரு பெட்டி, அவ்வளவுதான். 60 வரியில் 41ஆவது வரியோடு கோப்பு நின்றால், அது 41 பெட்டிகளின் முழுப் பட்டியலாகவே தெரியும். மீதி 19 பெட்டிகள் யார்டில் நிற்கும். அதை எஃப்.டி.பி.எஸ். வழியே, அதாவது டி.எல்.எஸ். பூட்டிய எஃப்.டி.பி. எனும் கோப்புப் பரிமாற்ற முறையில், அனுப்பினால் ஆபத்து இன்னும் கூடுதல். ஏனென்றால் எஃப்.டி.பி.யின் வழக்கமான முறையில், 1985இல் வந்த வரையறைப்படி, தரவு இணைப்பு மூடுவதே கோப்பு முடிந்ததற்கு அடையாளம். வேறு அடையாளம் கிடையாது. கோப்பின் முழுமை அந்த 24 பைட்டை மட்டுமே நம்பி நிற்கிறது.

இதற்குத் தாக்குகிறவர் யாரும் வேண்டாம் என்பதைத்தான் நிரலாளர்கள் கவனிக்கத் தவறுகிறார்கள். அனுப்பும் நிரல் நடுவில் செத்துப்போனால் என்ன ஆகும்? இயங்குதளத்தின் கெர்னல் அந்த நிரலின் சாக்கெட்டுகளைப் பெரும்பாலும் முறையாகவே மூடும். ஃபின் கொடியோடு பாக்கெட் போகும். டி.சி.பி. மட்டத்தில் பார்த்தால் செத்துப்போன நிரலும் வேலையை முடித்த நிரலும் ஒரே மாதிரி இருக்கும். குளோஸ் நோட்டிஃபையை மட்டும் கெர்னலால் அனுப்ப முடியாது. அந்தச் சாவி செத்த நிரலிடம் இருந்தது. ஆகவே அது வந்தால் அனுப்பியவர் உயிரோடு இருந்து, தன் நினைவோடு முடித்தார் என்று பொருள்.

வி.எஸ்.எஃப்.டி.பி.டி. என்ற புகழ்பெற்ற எஃப்.டி.பி. சர்வரில் இதற்கென்றே ஓர் அமைப்பு இருக்கிறது. அதை இயக்கினால், டி.எல்.எஸ். முடிப்பு இல்லாமல் வரும் பதிவேற்றத்தைச் சர்வர் ஏற்காது. ஆனால் இயல்பாக அது அணைந்தே இருக்கிறது. சரியாகச் செய்யும் கிளையன்ட்கள் மிகச் சிலவே என்பதுதான் காரணம் என்று அதன் கையேடு வருத்தத்தோடு சொல்கிறது. பைத்தானின் எஸ்.எஸ்.எல். தொகுப்பும் அறிவிப்பில்லாத முறிவை, கேட்காவிட்டால், சாதாரண முடிவாகவே காட்டுகிறது.

இந்த நிலையை மாற்ற, டி.எல்.எஸ். நிரல் நூலகமான ஓபன்-எஸ்.எஸ்.எல்.லின் குழு ஒரு முயற்சி செய்தது. 2020 மார்ச்சில் வந்த 1.1.1இ பதிப்பில், அறிவிப்பின்றி இணைப்பு அறுந்தால் அதைத் தெளிவான பிழையாகச் சொல்லத் தொடங்கியது. எத்தனையோ நிரல்கள் உடைந்தன. இரண்டு வாரத்தில், மார்ச் 31 அன்று, 1.1.1எஃப் பதிப்பில் அதைத் திரும்பப் பெற்றார்கள். ஆனால் கைவிடவில்லை. 2021 செப்டம்பரில் வெளியான 3.0இல் அது திரும்ப வந்தது, "எதிர்பாராத முடிவு" என்ற பிழையாக. பழைய நிரல்களுக்காக அந்தப் பிழையைப் புறக்கணிக்கும் விருப்பத்தேர்வு ஒன்றையும் கூடவே கொடுத்தார்கள். பிழை வந்தவுடன் அந்த விருப்பத்தேர்வைப் போட்டு வாயை அடைப்பதைப் பல இடங்களில் காண்கிறேன். நீளமோ வாலோ உள்ள வடிவம் என்றால், அதைச் சரிபார்க்கிறீர்கள் என்றால், போடலாம். சி.எஸ்.வி.க்கு அதைப் போடுவது தவறு. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

டி.எல்.எஸ். 1.3 (2018 ஆகஸ்ட்) துணுக்குக்கு இரண்டு மாற்றங்களைக் கொடுத்தது. ஒன்று வேடம்: வெளியே பார்ப்பவருக்கு அது சாதாரணத் தரவு ரெக்கார்டாகவே தெரியும், தான் ஓர் எச்சரிக்கை என்பதை மறையாக்கத்துக்கு உள்ளே வைத்திருக்கிறது. நீளத்தை வைத்து ஊகிக்கலாம், அவ்வளவே. மற்றது மரியாதை: முன்பு ஒரு பக்கம் முடித்தால் மறுபக்கம் தன் கையில் மிச்சம் இருப்பதை எறிந்துவிட்டு உடனே மூட வேண்டும். இப்போது ஒவ்வொரு பக்கமும் தன் பேச்சை மட்டும் முடிக்கிறது. மற்றவர் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருக்கலாம்.

அதே 1.3 ஒரு பொறியையும் கொண்டுவந்தது. கைகுலுக்கல் முடிந்ததும் சர்வர், அடுத்த முறை சீக்கிரம் இணைவதற்கான சீட்டுகளைக் கிளையன்டுக்கு அனுப்புகிறது, ஓபன்-எஸ்.எஸ்.எல். சர்வர் வழக்கமாக இரண்டு அனுப்பும். பதிவேற்றம் மட்டும் செய்யும் கிளையன்ட் எழுதிக்கொண்டே இருக்கும்; எதையும் படிக்காது. அந்தச் சீட்டுகள் அதன் பஃபரில் படிக்கப்படாமல் கிடக்கும். அந்த நிலையில் சாக்கெட்டை மூடினால் லினக்ஸ் கெர்னல் ஃபின் அனுப்பாது, ரீசெட் அனுப்பும். ரீசெட் போய்ச் சேர்ந்ததும், எதிர்ப்பக்கம் வந்தும் இன்னும் படிக்காமல் வைத்திருந்த தரவுகூட எறியப்படலாம். முறையாக அனுப்பிய குளோஸ் நோட்டிஃபையும் கோப்பின் வாலும் சேர்ந்தே போகும். கர்ல் போன்ற உலகெங்கும் புழங்கும் கருவியிலேயே எஃப்.டி.பி.எஸ். பதிவேற்றத்தில் இந்த இழப்பு நேர்ந்து, பிறகு சரிசெய்யப்பட்டது.

ஆகவே மூடுவதற்கு ஒரு வரிசை உண்டு. ஓபன்-எஸ்.எஸ்.எல்.லில் எழுதி முடித்ததும் எஸ்.எஸ்.எல். ஷட்டவுனை ஒரு முறை அழைக்க வேண்டும். அது நம் அறிவிப்பை அனுப்பிவிட்டு 0 என்று திருப்பும். 0 என்பது தோல்வி என்று நினைத்து நிரலை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. "நான் சொல்லிவிட்டேன், அவர் இன்னும் சொல்லவில்லை" என்பதே அதன் பொருள். பிறகு மறுபக்கத்திலிருந்து வருவதையெல்லாம், அந்தச் சீட்டுகள் உட்பட, அவருடைய குளோஸ் நோட்டிஃபை வரும்வரை படிக்க வேண்டும். அது வந்தபின் மறுபடி அழைத்தால் 1 கிடைக்கும். அதற்குப் பிறகே சாக்கெட்டை மூட வேண்டும். மறுபக்கம் பதிலே சொல்லாமல் போனால் காலம் முழுதும் நிற்க முடியாது. ஒரு கால வரம்பு வைத்து, வரம்பு கடந்தால் பிழை என்று பதிவேட்டில் எழுத வேண்டும்.

வாங்கும் பக்கத்துக்கும் கடமை உண்டு. வரும் கோப்பைத் தற்காலிகப் பெயரில் சேமிக்க வேண்டும். முடிப்பு அறிவிப்பும் வந்து, வால் இருந்தால் அதுவும் பொருந்தினால் மட்டுமே உண்மைப் பெயரை இட வேண்டும். கிரேனைத் திட்டமிடும் நிரல் உண்மைப் பெயருள்ள கோப்பை மட்டும் தொட வேண்டும்.

2021 மே மாதம் வந்த குவிக் நெறிமுறையில் இந்தத் துணுக்குக்கு வேலை இல்லை. அங்கே ஒவ்வொரு ஓடையின் முடிவுக் கொடியும் மறையாக்கத்துக்கு உள்ளேயே இருக்கிறது. வெளியாள் போலி செய்ய முடியாது. ஆனால் எஃப்.டி.பி.எஸ்., மின்னஞ்சல், தரவுத்தள இணைப்புகள் என்று டி.சி.பி.யின் மேல் ஓடுபவை இன்னும் நெடுங்காலம் ஓடும். உங்கள் நிரல் எப்படி என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். பெரிய கோப்பு ஒன்றை அனுப்பத் தொடங்கி, நடுவில் அனுப்பும் நிரலை கில் -9 கட்டளையால் கொன்றுவிடுங்கள். வாங்கும் பக்கம் பிழை சொல்லி அரைக் கோப்பைத் தற்காலிகப் பெயரிலேயே விட்டிருந்தால் சரி. உண்மைப் பெயரில் ஒரு கோப்பு வந்து உட்கார்ந்திருந்தால், அன்றைக்கே திருத்துங்கள்.